மூன்று மதிப்பெண் குறைந்த காடு

ஜூன் 4

தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் பூட்ஸைக் கழுவினேன். உள்ளே ஒரு எட்டுக்கால் பூச்சி குடும்பத்தோடு குடியிருந்தது. அவர்களைக் காலி செய்ய வைத்து, பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தேன். வன அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தாள். போன தடவை மெல்லிய செருப்போடு வந்து பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். கடிதத்தில் கத்தினால் கையெழுத்துதான் கோணலாகும்.

விஷயம் இதுதான். சொந்தக் காடு வைத்திருப்பவர்கள் முப்பது வருடத்துக்கு மரம் வெட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால், வருடா வருடம் ஊக்கத்தொகை தருகிறார்கள். நிலவரியும் தள்ளுபடி. எனக்கு வரிதான் முக்கியம். எதுவும் வெட்டாத காட்டை வரி அலுவலகம் ‘பயன்படுத்தாத நிலம்’ என்று எழுதி வைத்திருக்கிறது. இந்த வருடம் அதற்கு இரண்டு மடங்கு வரி. பக்கத்து எஸ்டேட்காரர் இருந்ததையெல்லாம் வெட்டி விற்றுவிட்டு யூகலிப்டஸ் நட்டார். அவருக்கு நடவு மானியம் கிடைத்தது. அவருடைய நிலம் ‘பயன்பாட்டில்’ இருக்கிறதாம்.

அந்தப் பெண் அப்பாவின் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்துக்கொண்டு தொண்ணூற்றிரண்டு ஏக்கரையும் சுற்றி வந்தாள். மரங்களைக் கட்டிப்பிடித்து நாடா போட்டு அளந்தாள். பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து கூட்டினாள்.

“காட்டுக்கு நாப்பதுக்கு முப்பத்தெட்டு, மேடம். நான் இதுவரைக்கும் யாருக்கும் இவ்ளோ போட்டதில்ல. தண்ணிக்கு இருபதுக்குப் பத்தொம்போது.”

“ஒண்ணு எங்க போச்சு?”

“ஊத்துப் பக்கத்துல உங்க பிளாஸ்டிக் வாளி கெடந்துச்சு. ஆபத்துக்கு நாப்பது. அதுல உங்களுக்குப் பூஜ்யம்.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: “வெட்டப்போற காட்டைக் காப்பாத்தத்தான் பணம், மேடம். நீங்க எப்படியும் வெட்ட மாட்டீங்களே. வெட்டாதவங்களுக்கு வெட்டாததுக்குப் பணம் குடுத்தா மேல கேப்பாங்க.”

ஐம்பத்தேழு. தேற அறுபது வேண்டும். போகும்போது, பூட்ஸைக் கழற்றியபடி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “யாராவது மரம் கேட்டு எழுத்துல குடுத்திருந்தா அது வேற கதை.”

மூன்று வருடம் முன்பு நீ ஒரு மரவியாபாரியைக் கூட்டி வந்தாய். அவரிடம் ஒரு கடிதம் வாங்க முடியுமா? இத்தனை மரம், இன்ன விலைக்குக் கேட்கிறேன் என்று. வெறும் காகிதம்தான். கடைசித் தேதி ஜூலை 20.

அன்று நான் கேட்டைத் திறக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

உன் கடிதம் பட்டறைக்கு வந்தது. கிரீஸ் கையோடு பிரித்தேன். “அத்தை கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குப்பா” என்றாள் பாப்பா. மூன்று வருடம் கழித்து எழுதுகிறாய். எழுதியது, மரம் வெட்டுகிறவரிடம் ஒரு காகிதம் வாங்கிக் கொடு என்று. வேறு ஏதாவது இருக்குமோ என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

மழையைப் பற்றி நீ எழுதவேண்டாம், நான் எழுதுகிறேன். நாற்பது நிமிடம் நின்றோம். ஜன்னலில் நீ நிற்பது தெரிந்தது. நான் அன்று காட்டை விற்க வரவில்லை. விழுந்து கிடந்த மரங்களை மட்டும் பார்த்து விலை சொல்லச் சொல்லித்தான் அவரைக் கூட்டி வந்தேன். அதைச் சொல்ல நீ கேட்டைத் திறந்திருக்க வேண்டும். அவர் இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; கேட்டுக்கு வெளியே நின்றவன் என்று ‘கேட்டு’ ஆக்கிவிட்டார். “வாங்க கேட்டு, பலகை வந்திருக்கு” என்கிறார். லாரி பாடிக்கு அவரிடம்தான் பலகை வாங்குகிறேன் என்பதால் நானும் சிரித்துக்கொள்கிறேன். என் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு பலகையும் யாரோ ஒரு அக்காவின் காடாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கடிதத்தை அவரிடம் கேட்கிறேன். ஆனால் ஒன்று. ‘ஆபத்து பூஜ்யம்’ என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காடு நம் இருவர் பெயரிலும் இருக்கிறது; அந்தப் பெண் பங்குதாரர்களில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறாள்.

இங்கே கதை வேறு. பட்டறை இருக்கிற இடத்தை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். “நீயே வாங்கிக்க, இல்லேன்னா வருஷக் கடைசிக்குள்ள எடத்தைக் குடு” என்கிறார். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீ உன் செய்தியைச் சொன்னாய், நான் என் செய்தியைச் சொன்னேன்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

விழுந்த மரங்களுக்காக வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அப்பா இறந்த வருடம் அது. கேட்டில் ரம்பம் ஏற்றிய வண்டி நின்றால் நான் என்ன நினைப்பேன் என்று நீயும் யோசித்திருக்கலாம். சரி, விடு. எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன்.

அலுவலகத்தில் விசாரித்தேன். வியாபாரி கேட்டால் மட்டும் போதாதாம். ‘உரிமையாளர்கள் பரிசீலித்தார்கள்’ என்பதற்கு நம் இருவர் கையெழுத்தும் அந்தக் காகிதத்தில் இருக்கவேண்டும். தபால் போய் வர நாள் ஆகும். அதனால் வெற்றுத் தாள் ஒன்றில் கீழே கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் எழுதவேண்டியதை மேலே எழுதட்டும்.

அப்பா செய்ததுதான். காட்டுக்குள் போனால் நாலு நாள் வரமாட்டார் என்று, மேஜை இழுப்பறையில் எப்போதும் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். அம்மா அதில் பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதுவாள், மின்சார ஆபீஸுக்குப் புகார் எழுதுவாள். நீ ஒரு தாளைத் திருடி, உனக்கு நீயே லீவ் எழுதிக்கொண்டது நினைவிருக்கிறதா? அதில் ‘ஜுரம்’ என்பதையே தப்பாக எழுதி மாட்டிக்கொண்டாய்.

நான் இப்போதும் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வாரம் ஆறாம் வகுப்பு அறிவியல். ‘காடுகளைக் காப்பது நம் கடமை’ என்று ஒரு பாடம். பிழையே இல்லை. வெற்றுத் தாளிலும் பிழை இருக்காது என்பதால்தான் அனுப்புகிறேன்.

செய்வது பொய் என்று உறுத்துகிறது. மூன்று மதிப்பெண்ணுக்கான பொய் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பட்டறை விஷயம் வருத்தமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், லாரி ஒன்று உள்ளே நிற்கிறது.

வியாபாரியைப் பார்த்தேன். “சும்மா லெட்டரா? நான் என்ன கேட்டு, தபால் ஆபீஸா நடத்துறேன்?” என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டார். வெறும் விலைக் கடிதமாக இல்லாமல் ஒப்பந்தம் மாதிரி எழுதியிருக்கிறார். இருக்கட்டும், கனமாக இருந்தால் உனக்கு மார்க் கூடத்தானே வரும். உன் தாளிலேயே எழுதி, நானும் கையெழுத்துப் போட்டு, நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். கடைசித் தேதிக்கு முன்பே போய்விடும்.

இடத்துக்காரர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். பாப்பாவின் அம்மா இரண்டு நாளாகச் சிரிக்கிறாள்.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

போன வாரம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆபத்துக்கு நாற்பதுக்கு முப்பத்துநாலு. மொத்தம் தொண்ணூற்றொன்று. பட்டியலில் நம் காடுதான் முதல். அதைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தேன். ‘நன்றி’ என்று எழுதி, அது போதாது போலத் தோன்றி, நாளைக்கு எழுதலாம் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். நாடாவும் வெள்ளைப் பெயிண்டும் வைத்திருந்தார்கள். மரங்களுக்கு நம்பர் போட வந்தோம் என்றார்கள். கேட்டைப் பூட்டப் போனேன். பெரியவர் ஒரு நகலை நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானம்மா?”

என் கையெழுத்துதான். நான் பிழை திருத்துகிறவள். ஒரு காகிதத்தை மேலிருந்து கீழாக மூன்று தடவை படிப்பது என் பிழைப்பு. அதையும் படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மரம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். ரத்து செய்தால் முன்பணத்தைப் போல் இரண்டு மடங்கு திருப்பித் தரவேண்டும்.

முன்பணம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அதைப் படித்துத்தான் தெரிந்தது.

அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. மூன்று நாள் நம்பர் போட்டார்கள். வீட்டைச் சுற்றி மட்டும் நாற்பத்தாறு. நூற்றிரண்டாம் நம்பர் உன் ஊஞ்சல் மரம்.

நேற்று அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வாங்கச் சொன்னது நான், அது பொய், ஆனால் இப்போது பொய்யாக இல்லை என்று. அவள் நம் கோப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

“நிஜமாவே வெட்டப்போறாங்கன்னா மார்க் சரிதானே, மேடம். நான் எதை மாத்தி எழுத? ஆனா நிலத்து மேல வேற ஒப்பந்தம் இருந்தா திட்டத்துல சேக்க முடியாது. அதை ரத்து பண்ணிட்டு நவம்பர் முப்பதுக்குள்ள வாங்க.”

“ரத்து பண்ணிட்டா ஆபத்து போயிடுமே. அப்ப மார்க்?”

“போட்ட மார்க்கை எடுக்க விதி இல்ல, மேடம்.”

ஆக, எந்தக் காகிதத்தால் காடு தேறியதோ, அதே காகிதத்தால் திட்டத்துக்குள் போக முடியவில்லை. இதை எழுதியவர்கள் எந்த வகுப்புப் பாடப்புத்தகம் படித்தார்களோ.

நீ அந்தப் பணத்தை என்ன செய்தாய் என்று கேட்கவேண்டியதில்லை. பாப்பாவின் அம்மா எதற்காகச் சிரித்தாள் என்று இப்போது தெரிகிறது. ஒன்று மட்டும் சொல். என் தாளில் அவர் எழுதும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயா?

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வரியும் எழுத எழுதப் படித்தேன். இரண்டு மடங்கு என்று அவர் எழுதியபோது, “இது வேணாமே” என்றேன். “நீங்கதான் வெட்டப்போறதில்லையே கேட்டு, ஊக்கத்தொகை வாங்கிக் குடுத்துடப் போறீங்க. அப்புறம் எதுக்கு பயம்?” என்றார். சரியாகத்தான் பட்டது. முதல் வருடமே மொத்தமாகப் பணம் வரும், அதில் திருப்பிவிடலாம், உனக்குத் தெரியவே தெரியாது என்று கணக்குப் போட்டேன். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்று உன் முதல் கடிதத்திலேயே இருந்தது. என் கண்ணுக்குப் படவில்லை. படவேண்டாம் என்று இருந்திருப்பேன்.

பணம் இடத்துக்காரரிடம் போய்விட்டது. தப்பு என்னுடையது. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

இனி நான் கேட்கிறேன். அப்பா வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது அம்மாவை நம்பி. நீ போட்டது என்னை நம்பியா, தபால் தாமதமாகும் என்ற அவசரத்திலா? கேட்டைத் திறக்க நம்பாத ஆளுக்கு எப்படி அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பினாய்? அந்தத் தாளை இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு நான் ஒரு தபால்பெட்டி, அவ்வளவுதான் என்று தோன்றியது.

அப்பா போனதிலிருந்து பாதி வரியை நான் கட்டுகிறேன். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை, ஒரு சுள்ளி எடுத்ததில்லை. என் பாதியை விற்றிருந்தால் இந்தப் பட்டறை என்றைக்கோ எனக்குச் சொந்தமாகியிருக்கும். விற்கவில்லை. ஊரெல்லாம் உன்னைத்தான் சொல்கிறது, காட்டைக் காப்பாற்றுகிற அம்மா என்று. வெட்டாமல் இருந்தது நீ மட்டுமில்லை, நானும்தான். எனக்கு யார் மார்க் போட்டது?

நேற்று வியாபாரியிடம் போனேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உள்காட்டுக்கு நான் ரோடு போடணும், ஆள் விடணும், தலைவலி. வீட்டைச் சுத்தி இருக்கிற ஆறு ஏக்கர் ரோட்டோரம். வீட்டோட அதைக் குடுத்துடச் சொல்லுங்க, காகிதத்தை உங்க கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போடுறேன்.” முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் மறைக்கக்கூடாது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். இதைச் செய் என்று நான் சொல்லவில்லை.

பட்டறையில் இருக்கிற மெஷின்களை விற்றால் இரண்டு மடங்கு தேறும். இடத்துக்காரரிடம் கொடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரலாம். அடுத்த மாதக் கடைசியில் பையன்களிடம் சொல்லவேண்டும். வெல்டர் பதினாறு வருடமாக என்னோடு இருக்கிறார். அவரிடம் முதலில் சொல்லலாமா, எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 11

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. நாலு பதில் எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டில் உன்னைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில் மன்னித்திருந்தேன், அது படிக்க இன்னும் மோசமாக இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: அவசரத்தில்தான். உன்னை நம்பிப் போடவில்லை. நம்புகிறேனா இல்லையா என்று யோசிக்காமல் போட்டேன். ஒரு தாளை அனுப்புகிறோம், அது ஒரு கைக்குப் போகிறது, அந்தக் கைக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது என்று எதுவும் தோன்றவில்லை. பட்டறையைப் பற்றி நீ எழுதியதற்கு ‘வருத்தமாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு முந்தைய வரியில் என் மூன்று மதிப்பெண்.

அந்தப் பெண் ‘ஆபத்து பூஜ்யம்’ என்று எழுதியபோது வெளியே குறைப்பட்டுக்கொண்டேன், உள்ளே எனக்குப் பெருமையாக இருந்தது. நான் இருக்கும்வரை இதற்கு ஒன்றும் ஆகாது என்று. இந்த மூன்று வருடமும் காடு உன் பொறுமை மேல்தான் நின்றது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். அன்றைக்கே நாற்பதுக்கு ஏதோ ஒரு மார்க் போட்டிருக்கவேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை. எனக்கு இருந்தது.

கோபம் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளைப் பெயிண்ட் வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தெரிகிறது. பல் தேய்க்கும்போது ஐம்பத்தொன்று, துணி காயப்போடும்போது எண்பத்தெட்டு. மழையில் கழுவிப் போகும் என்று பார்த்தேன். நல்ல பெயிண்ட்.

நேற்று பஸ் ஏறி ஊருக்குள் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மருந்துக்கடைக்காரர், “வெளிச்சம் கம்மி, ஆனா காத்து வரும்மா” என்றார். காற்றும் வராது போலத்தான் இருந்தது. மேஜை போட இடம் இருக்கிறது, பிழை திருத்த அது போதும். எதற்கு அறை என்று கேட்டார். சும்மா விலை விசாரிக்கிறேன் என்றேன்.

வரும் வழியில் அலுவலகத்தில் ஏறினேன். வீடும் அதைச் சுற்றிய ஆறு ஏக்கரும் எப்படியும் திட்டத்தில் சேராதாம். குடியிருப்பு நிலம். அதைக் கழித்தால் எண்பத்தாறு ஏக்கர். ஊற்று அந்த எண்பத்தாறுக்குள் இருக்கிறது, வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேன். “ஏன் கேக்குறீங்க, மேடம்?” என்றாள். ஒரு சந்தேகம் என்றேன்.

வீட்டைக் கொடுத்துவிடலாம். நாற்பத்தாறு மரத்தோடு. நூற்றிரண்டாம் நம்பரும் அதில்தான் இருக்கிறது, அதற்கு நீ ஒப்பவேண்டும். மெஷின்களை விற்காதே. வெல்டரிடம் எதுவும் சொல்லாதே. முப்பது வருடமும் வருகிற ஊக்கத்தொகையைப் பாதி பாதியாகப் பிரிக்கவேண்டும். வரி இல்லாததே எனக்குப் போதும் என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டேன். தியாகம் செய்தவளாக இன்னொரு முப்பது வருடம் உன் தலையில் உட்கார எனக்கு விருப்பமில்லை.

டிசம்பரில் அவர்கள் அந்த நாற்பத்தாறு மரத்தை வெட்ட வரும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். அதைப் பார்க்க என்னால் முடியாது. நீ வந்து நிற்கவேண்டும். அப்பாவின் பூட்ஸை வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். கேட்டுச் சாவி வலது பூட்ஸுக்குள் இருக்கும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கீழே, வழக்கமான இடத்தில் என் கையெழுத்து. ஆறு ஏக்கர், பழைய காகிதம் ரத்து, மீதிக் காட்டில் அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. இவ்வளவுதான் மேலே வரவேண்டும். எழுதும்போது பக்கத்தில் உட்கார்.

மருந்துக்கடைக்காரருக்கும் அந்தப் பெண்ணுக்கும் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. கடைசித் தேதிக்கு எண்பது நாள் இருக்கிறது. இந்தத் தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், வக்கீலிடம் கொடுத்து அனுப்பலாம், நானே எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வரலாம். எல்லாவற்றையும் யோசித்துத்தான் சாதாரண உறையில் வைக்கிறேன். இந்த முறை அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா